பொம்மை ஊர்வலத்தில் என் தவளைப் பை

செப்டம்பர் 13, சனி

வாங்கிட்டேன், வாங்கிட்டேன், வாங்கிட்டேன் — இருபத்தொரு வயது ஆன வாரத்திலேயே, என் பெயரில், என் சம்பளத்தில், ஒரு கைத்துப்பாக்கி, இதோ டப்பாவோடு என் தலையணைக்குப் பக்கத்தில்!

டப்பாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். சந்தோஷத்திலா, பயத்திலா? தெரியவில்லை.

என் தோழி மார்லிஸும் கூடவே வந்தாள். தன் டயர் கடையை அரை நாள் மூடிவிட்டு வந்தாளாம், எனக்காக. கடைக்காரரிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "மூச்சு விடுடி ஷெல்பி. கேள்வி கேட்டே அந்த ஆளைச் சுட்டுடுவ போலிருக்கே" என்றாள். கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏன் வாங்கினேன் என்று பின்னால் எனக்கே மறந்துவிடக் கூடாது. எழுதி வைக்கிறேன். ஜூலையில் கிளினிக் வேலை முடிந்து ஆற்றோரச் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சாம்பல் நிற பிக்கப் வண்டி. முதலில் ஹார்ன், அப்புறம் ஹெட்லைட், அப்புறம் என் பின் சக்கரத்தை உரசுகிற மாதிரி. நான் ஒதுங்கினால் அவனும் ஒதுங்கினான். வேகம் கூட்டினால் அவனும் கூட்டினான். கடைசியில் சரளைக்கல்லில் இறங்கி, பள்ளத்தில் பைக்கோடு சாய்ந்தேன். அவன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.  பிறகு போய்விட்டான்.

அந்தப் பார்வைதான். அதற்காகத்தான் வாங்கினேன்.

செப்டம்பர் 16

ஹைவே ஹேட்டியின் பழைய வீடியோக்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். ஒரு பெண் பைக்கில் போகும்போது துப்பாக்கியை எப்படி மறைத்து எடுத்துப் போவது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? பைக் ஓட்டக் கற்றதும், வீடியோ போட ஆரம்பித்ததும் அவளைப் பார்த்துத்தான். போன வருடம் என் கமெண்டுக்கு அவள் ஒரு இதயம் போட்டாள். அதைப் படமாக எடுத்து வைத்தது இன்னும் என் போனில் இருக்கிறது.

ஹேட்டி சொல்கிறாள்: துப்பாக்கிக் கம்பெனி பெயர் போட்ட கறுப்புப் பை வாங்காதீர்கள், திருடன் முதலில் அதைத்தான் தூக்குவான். யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு பை வாங்குங்கள். குழந்தைத்தனமாக இருந்தால் இன்னும் நல்லது.

என்ன மூளை!

இன்றே வாங்கிவிட்டேன். கடையில் குழந்தைகள் பிரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை வெல்வெட் தவளை, உருளுகிற கண், வாய்தான் ஜிப். பெல்ட்டில் வைக்க முடியாத சமயத்தில் துப்பாக்கி இதற்குள் போகும். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது.

செப்டம்பர் 20

துப்பாக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் ஒத்திகை. பைக்கையும் கொட்டகைக்குள் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மார்லிஸ் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து நீதிபதி வேலை பார்த்தாள்.

முன்பக்கம், வயிற்றருகில் வைத்தேன். என் பைக்கில் முன்னால் குனிந்துதான் ஓட்ட வேண்டும். அடிவயிற்றில் குத்துகிறது. போதாததற்கு அதன் குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாலே வியர்த்தது.

முதுகுக்குப் பின்னால், நடுவில் வைத்தேன். சுகமாக இருந்தது. மார்லிஸ் எழுந்தே விட்டாள். "எடுடி அதை. நீ விழுந்தா மல்லாக்க விழுவ. முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு இரும்பு. அப்புறம் வாழ்நாள் பூரா சக்கர நாற்காலில வீடியோ போடு."

ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டேன். "அதுலதான உன் சாவி, லிப் பாம், பாதி தின்ன மிட்டாய் எல்லாம் கிடக்கு? சாவி போய் விசையில மாட்டிச்சுன்னா?"

கடைசியில் வலது இடுப்பு, கொஞ்சம் பின்னால் தள்ளி. தடித்த பெல்ட். ஆனால் குனிந்ததும் ஜாக்கெட் மேலே ஏறி, எல்லாம் ஊருக்கே தெரிந்தது. பின்பக்கம் நீளமான ஜாக்கெட் வாங்க வேண்டும்.

உறை விஷயத்தில்தான் சண்டை. ஹேட்டி மெல்லிய துணி உறை வைத்திருக்கிறாள், சாக்ஸ் மாதிரி. மார்லிஸ் அதைத் தொடக்கூட விடவில்லை. விசையை முழுக்க மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதுவும் கட்டைவிரலால் ஒரு பூட்டை அழுத்தினால்தான் துப்பாக்கி வெளியே வரும், அதை வாங்க வைத்தாள். இழுத்து இழுத்து என் விரல் சிவந்துவிட்டது.

"இவ்வளவு கஷ்டமா இருந்தா அவசரத்துக்கு எப்படிடி எடுப்பேன்?"

"பழகு. உனக்கே கஷ்டம்னா அடுத்தவனுக்கு அதைவிடக் கஷ்டம்ல?"

இன்னொன்றும் சொன்னாள். கழற்ற வேண்டி வந்தால் துப்பாக்கியை மட்டும் உருவாதே. உறையோடு சேர்த்து, ஒரே பொருளாகக் கழற்று. சும்மா சும்மா கை வைக்காதே.

ஹேட்டியைவிட இவளுக்கு ரொம்பத் தெரியுமாக்கும்.

அக்டோபர் 4

முதல் தடவை இடுப்பில் வைத்து வேலைக்குப் போனேன். எதிரில் வந்த எல்லோரும் என் இடுப்பையே பார்த்தார்கள். (பார்க்கவில்லை. தெரியும்.)

அக்டோபர் 19

அந்த பிக்கப்பைப் பார்த்தேன். அதேதான் என்று நினைக்கிறேன். சாம்பல் நிறம். பாலத்துக்கு முன்னால் எனக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கை ஆக்ஸிலேட்டரில். ஒரு கை கிளட்சில். துப்பாக்கி இருக்கிற கைதான் வண்டியை ஓட்டுகிற கை. அதை எடுத்தால் விழுவேன். ஓடுற பைக்கில அது எனக்கு ஒண்ணுமே செய்யாது! ஒண்ணுமே! நான் இடுப்பில ஒரு கல்லைக் கட்டிக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன்.

பிக்கப் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பிவிட்டது. அவனாக இல்லாமலும் இருக்கலாம்.

இதை மார்லிஸிடம் சொல்லவில்லை. சிரிப்பாள்.

நவம்பர் 4

நேற்று சூறாவளி. எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழையோடு போய்விட்டது. வடக்கே, சக்கரத்தின் மேல் நிற்கிற டிரெய்லர் வீடுகள் ஒரு வரிசையே காணோம். அந்த ஜனங்களைச் சாலையோர மோட்டல் விடுதியில் தங்க வைத்திருக்கிறார்களாம்.

நவம்பர் 15

நாளைக்குப் பொம்மை ஊர்வலம், இல்லாத பிள்ளைகளுக்குப் பைக்கில் பொம்மை கொண்டுபோகிற ஊர்வலம்! என் முதல் ஊர்வலம்!

போன வருடம் வேலி ஓரம் நின்று படம் பிடித்தேன். மலை மாதிரித் தாடிக்காரர்கள் எல்லாம் முன்னால் ரோஸ் நிறக் குதிரைப் பொம்மையைக் கட்டிக்கொண்டு உறுமிக்கொண்டு போனார்கள். அழுதேவிட்டேன். நாளைக்கு அந்த வரிசையில் நான். பின் சீட்டில் ஒரு பெரிய கரடியைப் பட்டை போட்டுக் கட்டியாகிவிட்டது. வண்டியின் பக்கப்பைகளில் புதிர் அட்டை, பொம்மைகள், வண்ணப் பென்சில். ஹேண்டில்பாரில் என்னைப் பார்த்த மாதிரி கேமரா.

ஊர்வலம் நடத்துவது லோர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மா. முந்நூறு பைக்கையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிதான் அதட்டுவார். "கரடி சாயுது பாரு கண்ணு, அதோட இடுப்பைப் பிடிச்சுக் கட்டு" என்று என்னிடம் சொன்னார். கண்ணு என்றார்! என்னை!

நவம்பர் 16, ஞாயிறு. சாயங்காலம்

துப்பாக்கி இல்லை.

பக்கப்பை காலி. இரண்டு பையும் காலி. தவளை இல்லை.

ஜாக்கெட்டைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் எப்படி இருக்கும்? இருந்தும் பார்த்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் தலை நிற்கும்.

ஊர்வலம் முடிவது எப்போதும் கண்காட்சி மைதானத்தில். மழையில் மைதானம் சேறு. பாதி வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினபோது லோர்னா ஒரு வண்டியின் பின் பலகை மேல் ஏறி நின்று கத்தினார். "இடம் மாத்தியாச்சு! நேரா பள்ளிக்கூட ஜிம் ஹாலுக்கு! துப்பாக்கி வச்சிருக்கிற மகராசனுங்க எல்லாம் கேளுங்க. அது பள்ளிக்கூடம். ஒண்ணு கூட உள்ள வரக்கூடாது. இந்தக் கடை இரும்புப் பெட்டி திறந்திருக்கு. வச்சிட்டு வாங்க, அப்புறமா வந்து எடுத்துக்குங்க. எடுத்துக்க மறந்தா என்கிட்ட அழாதீங்க!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். மார்லிஸ் போய் வைத்துவிட்டு வந்தாள். "உன்னுது?"

"இன்னைக்குக் கொண்டு வரலடி."

பொய். ஏன் சொன்னேன்? அந்தப் பங்க் வடக்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து என் வீடு தெற்கே, ஆற்றோரச் சாலையில். தனியாக. மறுபடி பங்குக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பினால் இருட்டிவிடும். அந்தச் சாலையில் அது இல்லாமல் போகப் பயம். அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் பயம்.

கழிப்பறைக்குப் போய், உறையோடு சேர்த்துக் கழற்றி — அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன் — தவளைக்குள் வைத்து ஜிப்பை மூடி, பக்கப்பையில் பொம்மைகளுக்கு அடியில் திணித்தேன். உடம்பில் இல்லை, அதனால் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குண்டு நிரப்பியதுதான். கழிப்பறையில் வைத்துக் காலி செய்ய தைரியம் இல்லை.

ஜிம்மில் வண்டியை நிறுத்தினதும் கேக், சில்லி சூப், பாட்டு. உள்ளே ஓடிவிட்டேன்.

அந்த ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி வந்தவர் தன் கையால் பொம்மையை இறக்கக் கூடாது. பச்சைத் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வந்து வண்டியை மொட்டை அடித்துவிட்டுப் போவார்கள். பைகளையும் துழாவி எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். போன வருடம் நானே அதைப் படம் பிடித்தேன்!

என் பக்கப்பைக்குப் பூட்டு கிடையாது.

நவம்பர் 16, அதற்கு அப்புறம்

கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்த்தேன். பச்சைத் தொப்பிப் பெண் ஒருத்தி, பதினைந்து வயது இருக்கும், என் பையிலிருந்து தவளையை எடுத்து, "அய்யோ எவ்ளோ அழகு! ஆனா செம கனம்டா இது" என்கிறாள். பக்கத்திலிருந்தவன், "உள்ள மிட்டாய் போட்டிருப்பாங்க, திறக்காத, லோர்னா கத்தும்" என்கிறான். அவள் தவளைக்கு முத்தம் கொடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போடுகிறாள். பெட்டியில் எழுதியிருக்கிறது: பெண் குழந்தை, நாலிலிருந்து ஆறு வயது.

பெட்டி லாரியில் ஏறுகிறது.

யாருமே திரும்பிப் பார்க்காத பை. ஹேட்டி சொன்னாளே. இது எல்லாரும் திரும்பிப் பாக்கிற பைடீ! குழந்தைங்க கையை நீட்டுற பை!

யோசி ஷெல்பி. யோசி. லாரியைப் பூட்டிவிடுவார்கள். பொம்மைகளைப் பிரித்து அடுக்குவது வரும் சனிக்கிழமை. நான் உதவிக்கு வருகிறேன் என்று பெயர் கொடுக்கிறேன். பெட்டியைக் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் தவளையை எடுத்து ஜாக்கெட்டுக்குள். முடிந்தது. யாரும் செத்துப்போகவில்லை. போலீஸுக்குச் சொன்னால்? பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி. ஜெயில். மார்லிஸ் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சனிக்கிழமை வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால் போதும்.

போதுமா?

நவம்பர் 17, திங்கள். காலை

காப்பி குடித்துக்கொண்டே போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஊர்வலத்தின் இணையப் பக்கத்தில் லோர்னா படங்கள் போட்டிருந்தார். "இந்த வருஷம் சூறாவளியில வீடு போன பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கச் சொல்ல மனசு வரல. நேத்தே ஒரு வேன் நிறைய மோட்டலுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாச்சு!"

லைக் போட்டேன். இதயமும் போட்டேன். பிறகுதான் மூன்றாவது படத்தைப் பார்த்தேன்.

மோட்டல் வாசல். முதுகு காட்டி நிற்கிற ஒரு சின்னப் பெண். இரட்டைச் சடை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிறாள்.

பச்சை. உருளுகிற கண்.

நவம்பர் 17. எப்போது என்று தெரியவில்லை

லோர்னாவுக்குப் போன் போட்டேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஒரே மூச்சில்.  

"லோர்னா?"

"குண்டு இருக்கா அதுல?"

"இருக்கு."

"போனை வைக்காத. மேசை மேல வை. நான் இன்னொரு போன்ல ஷெரீஃபைக் கூப்பிடறேன். எங்கயும் போகாத, என்ன?" கண்ணு என்று சொல்லவில்லை.

லோர்னா விசாரித்துச் சொன்னார். அந்தக் குழந்தை பெயர் ஓப்பல். நாலு வயது. அம்மா கெண்ட்ரா, கோழிக்கறித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். மோட்டல் ரிசப்ஷனில் யாரும் எடுக்கவில்லை. குழந்தையைப் பக்கத்து அறைக்காரி பார்த்துக்கொள்கிறாளாம். அவள் நம்பர் யாரிடமும் இல்லை.

எடுங்கடா யாராவது போனை எடுங்கடா

நேத்து ராத்திரியே சொல்லியிருந்தா. நேத்து ராத்திரியே. மூச்சை அடக்கினா போதுமாம். யாருடைய மூச்சை? என் வீட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூரத்தில் ஏதோ கதவு அடித்தால்கூடச் சுட்ட சத்தம் மாதிரி இருக்கிறது. இங்கிருந்து மோட்டல் எங்கேயோ இருக்கிறது. கேட்கவே கேட்காது. ஆனாலும் கேட்கிறது.

நவம்பர் 17. மத்தியானம்

கிடைத்துவிட்டது.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

போலீஸ் அதிகாரியோடு லோர்னாவும் போயிருந்தார். அவர் சொன்னது இது. ஓப்பல் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாளாம். "தவளை எங்க தங்கம்?" என்று லோர்னா கேட்க, "தூங்குது. சத்தம் போடாதீங்க. அதுக்கு வயித்து வலி, உள்ள கல்லு இருக்கு" என்றாளாம்.

அம்மாவின் படுக்கையில், தலையணையில், கழுத்து வரை போர்வை போர்த்திப் படுக்க வைத்திருந்தாளாம்.

ஜிப் திறந்திருந்தது. உள்ளே துப்பாக்கி, உறைக்குள் இருந்தபடியே. பக்கத்தில் பாதி பிஸ்கட். உறையெல்லாம் பிஸ்கட் தூள். சாப்பாடு ஊட்டியிருக்கிறாள். கல்லை உறையிலிருந்து வெளியே எடுக்க இழுத்துப் பார்த்தாளாம். வரவில்லையாம். "ரொம்ப இழுத்தேன், அது தவளைகிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று லோர்னாவிடம் விளக்கினாளாம்.

அந்தப் பூட்டு. என் விரலைச் சிவக்க வைத்த அந்தப் பூட்டு.

மேற்கொண்டு எழுத முடியவில்லை.

நவம்பர் 18

ஷெரீஃப் ஆபீஸில் வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. துப்பாக்கி அவர்களிடமே இருக்கும். வழக்கு உண்டு. பிப்ரவரியில் கூப்பிடுவார்கள்.

வெளியே வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெண் நின்றாள். தொழிற்சாலை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ஓப்பலின் அம்மா என்று கேட்காமலே தெரிந்தது.

"நீதானா?"

"ஆமா. நான்..."

"பேசாத. நான் பேசி முடிச்சிக்கிறேன்." குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "வீடு காத்துல போச்சு. பாத்ரூம் தொட்டிக்குள்ள படுத்து, அவ மேல நான் படுத்து, எங்க ரெண்டு பேர் மேலயும் மெத்தையைப் போட்டு அவளைக் காப்பாத்தினேன். சூறாவளியாலயே அவளைத் தொட முடியலடி. நீ ஒரு பொம்மைக்குள்ள வச்சு அனுப்புற."

நான் ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன்.

"ராத்திரி பூரா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதைப் படுக்க வச்சிருந்தா. என் விலா எலும்புல குத்துச்சு. பொம்மை கனமா இருக்கேன்னு நினைச்சேன். அலுப்புல திரும்பிப் படுத்துட்டேன். இப்ப அதை நினைச்சு நினைச்சு..." வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், "தவளை எங்கன்னு கேக்கிறா. நான் என்ன சொல்லட்டும், சொல்லு."

"வேற ஒண்ணு வாங்கி—"

"நீ வாங்குற எதுவும் என் வாசலைத் தாண்டக் கூடாது."

போய்விட்டாள். பூட்ஸ் தண்ணீரில் சப் சப் என்று சத்தம் போட்டது. ஜூலையில் பள்ளத்தில் கிடந்தபோது ஒருவன் என்னைப் பார்த்தான் அல்லவா. அவள் கண்ணுக்கு இப்போது நான்தான் அந்த பிக்கப்.

நவம்பர் 19

மார்லிஸ் வந்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. கொட்டகையில் அதே வாளி மேல் உட்கார்ந்து, "பங்குல என்கிட்ட பொய் சொன்னப்பவே உன் இடுப்புல அது இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுதுடி. அதட்டியிருக்கணும். ஊர் முன்னால உன்னை அசிங்கப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்" என்று அழுதாள். மார்லிஸ். அழுதாள்.

ஆற்றோரச் சாலையைப் பற்றி அப்போதுதான் முழுதாகச் சொன்னேன்.

"இதுக்கா? அந்த ரோட்டுக்கா? ஏண்டி என்கிட்ட வாய் இல்லாம போச்சு உனக்கு?"

டிசம்பர் 2

மார்லிஸ் கடையை மூடிவிட்டு தினமும் கிளினிக் வாசலுக்கு வருகிறாள். இரண்டு பைக்காகப் போகிறோம். இடுப்பில் ஒன்றும் இல்லை. பயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு அளவு இருக்கிறது.

டிசம்பர் 25

ஓப்பலுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 8

ஹேட்டியின் அந்த வீடியோவின் கீழே எழுதினேன். கோபமாக இல்லை. மரியாதையாக, நீளமாக, என்ன நடந்தது என்று. குழந்தைத்தனமான பை வேண்டாம் என்று சொல்லுங்கள் ஹேட்டி, துணி உறை வேண்டாம் என்று சொல்லுங்கள் ஹேட்டி, நீங்கள் சொன்னால் லட்சம் பேர் கேட்பார்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். என் கமெண்ட் இல்லை. அழித்துவிட்டாள்.

போனில் இருந்த அந்த இதயப் படத்தை நானும் அழித்தேன். ரொம்ப நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான்.

ஜனவரி 21

கெண்ட்ராவிடமிருந்து ஒரு செய்தி. திறக்கவே கை வரவில்லை.

"லோர்னா சொன்னாங்க, எங்கயோ எழுதினியாம், அழிச்சிட்டாங்களாம். நீ வீடியோ போடுற உன் பக்கத்துலயே எழுது. உன் பேரைப் போட்டு எழுது. என் பொண்ணு பேரைப் போடாத. எழுதிட்டு எனக்கு அனுப்பு, நான் படிச்சுப் பாக்கணும்."

அவ்வளவுதான்.

பிப்ரவரி 1

பத்துத் தடவை எழுதி அடித்தேன். கெண்ட்ராவுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்தில் வெட்டினாள். நான் என்னைப் பற்றி அழுத இடங்கள். "இது வேண்டாம்" என்று மட்டும் குறித்திருந்தாள். சரிதான். வெட்டிவிட்டேன். வக்கீலிடம் காட்டினேன், போடாதே என்றார். போடுகிறேன்.

போடப்போவது இதுதான். இங்கேயும் எழுதி வைக்கிறேன், யாரும் அழிக்க முடியாத இடத்தில்.

"என் பேர் ஷெல்பி. போன வருஷப் பொம்மை ஊர்வலத்துல நானும் ஓட்டினேன். குண்டு நிரப்பின துப்பாக்கியை ஒரு தவளைப் பைக்குள்ள மறைச்சு வச்சேன். நல்லா மறைச்சேன். அவ்ளோ நல்லா மறைச்சதால அது ஒரு நாலு வயசுக் குழந்தையோட படுக்கைக்குப் போச்சு. அவ அதுக்குப் பிஸ்கட் ஊட்டினா. விசையை மூடின ஒரு கெட்டி உறை இருந்துச்சு, அதான் அந்தக் குழந்தை இன்னைக்கு இருக்கா. நான் புத்திசாலின்னு இல்ல, என் தோழி என்கூடச் சண்டை போட்டு அந்த உறையை வாங்க வச்சதால.

பைக்ல துப்பாக்கி எடுத்துக்கிட்டுப் போறவங்களுக்குச் சொல்றேன். எடுத்துக்கிட்டுப் போனா உடம்புல இருக்கட்டும், விசை மூடின உறையில, உங்க பெல்ட்டுல. முதுகுல வேண்டாம், பாக்கெட்டுல வேண்டாம், பக்கப்பையில வேண்டவே வேண்டாம். உடம்புல வச்சுக்க முடியாத இடத்துக்குப் போறீங்களா, வீட்டுல பூட்டி வச்சிட்டு வாங்க. பயமா இருந்தா ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு ஓட்டுங்க. ஆள் இல்லன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நானும் மார்லிஸும் வர்றோம்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலைல மார்லிஸ் டயர் கடை வாசலுக்கு வாங்க. துப்பாக்கியை வீட்டுலயே வச்சிட்டு, பைக், பெல்ட், காலி உறை மட்டும் கொண்டு வாங்க. ஏறி உட்கார்ந்து பாப்போம், எது எங்க இருக்கணும்னு. லோர்னா காப்பி போடுறாங்க. ஊர்வலத்துல ஓட்டின எல்லாருக்கும் இதை அனுப்புங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதைப் படிச்சிட்டுத் தள்ளிப் போயிடாதீங்க. இப்பவே எழுந்து போய் உங்க பக்கப்பையைத் திறந்து, கையை அடி வரைக்கும் விட்டுப் பாருங்க. பார்த்துட்டு வந்து கீழ ஒரே ஒரு வார்த்தை போடுங்க: பார்த்தேன்."